முதல் திங்கள்கிழமை எடுத்த படம்

நெலிடாவுக்கு டூரிஸ்ட் என்றாலே ஆகாது. சும்மா முகம் சுளிக்கிற ஆகாது இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகிற ஆகாது. வருகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கல்லறை வீட்டுக் கதவின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துத்தான் உள்ளே பார்ப்பான். பார்த்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். அவன் மூக்கு எண்ணெய் கண்ணாடியிலேயே இருக்கும். வினிகரும் பழைய செய்தித்தாளும் வைத்துக்கொண்டு அதை நெலிடாதான் துடைக்க வேண்டும். ரெக்கோலேத்தா கல்லறைத் தோட்டத்தில் நாற்பத்து மூன்று வீடுகளின் சாவி அவள் இடுப்பில் தொங்குகிறது. நாற்பத்து மூன்று கண்ணாடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை மூக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு என்றால் வீடேதான். கதவு உண்டு, கூரை உண்டு, உள்ளே ஒரு சின்ன பீடம் உண்டு. பீடத்துக்கு இரண்டு பக்கமும் கல் தட்டு. தட்டுகளின் மேல் குடும்பத்துப் பெட்டிகள். மண்ணுக்குள் போகிற சமாசாரம் இல்லை, எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அதனால் அவற்றுக்கு உடுப்பு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெள்ளை லேஸ் துணி, கால் பக்கம் ஒரு முழம் தொங்குகிற மாதிரி. மற்ற பராமரிப்பாளர்கள் நைலான் லேஸை வாங்கிப் போர்த்திவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடுவார்கள். நெலிடாவிடம் அந்தக் கதையே நடக்காது. அவள் பொறுப்பில் நாலு தெரு. தெருவுக்கு மாதத்தில் ஒரு திங்கள்கிழமை முறை. அன்றைக்குத் துணிகளை எல்லாம் உருவிப் பையில் திணித்து, பஸ் ஏறி அவெஷனேதாவில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மறுநாள் காலையில் கொண்டுவந்து போர்த்திவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். துணி விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கல்லறை வேலை அவள் புருஷன் ஹொராசியோவுடையது. அவன் இருந்தவரை அவள் இந்த வாசலை மிதித்ததில்லை, பயம். அவளை முப்பத்தொன்பது வயதில் தனியாக விட்டுவிட்டு அவன் செத்துப்போனபோது மிச்சம் இருந்தது ஒரு சாவிக்கொத்தும், எந்த வீட்டில் எந்தத் தட்டில் யார் என்று அவன் கோணல் கையெழுத்தில் எழுதி வைத்திருந்த ஒரு நோட்டும்தான். முதல் நாள் கதவைத் திறந்து உள்ளே போனபோது பல் தந்தியடித்தது. பயத்தை மறைக்கச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். "வணக்கம்மா, நான் ஹொராசியோ சம்சாரம், துடைக்க வந்திருக்கேன்." இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. பயம் போய்விட்டது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அவளுக்கு வெட்கமாக இருப்பது துவைக்கிற நாள்தான். அன்றைக்கு முழுக்கப் பெட்டிகள் வெறும் மரமாகக் கிடக்கும். இறந்தவர்கள் மேல்சட்டை இல்லாமல் வாசலில் நிற்கிற மாதிரி அவளுக்கு உடம்பு கூசும். அன்று யாராவது கேமராவை நீட்டினால் போதும், வந்துவிடுவாள்.

போன ஜூலை முதல் திங்களில் அப்படித்தான் ஆயிற்று. லராமெந்தி குடும்பத்து வீடு இருக்கிற தெருவுக்கு முதல் திங்கள்தான் முறை. அந்த வீட்டு வாசலில் உதட்டில் விரல் வைத்த ஒரு பளிங்குத் தேவதை உட்கார்ந்திருக்கிறது. இத்தாலியிலிருந்து கேட்டலாக்கில் பார்த்து வாங்கிய தேவதை. அதே அச்சில் இன்னொன்று மூன்று தெரு தள்ளி இருக்கிறது. ஆனால் எஸெகியேல் என்கிற கைடு, அது ஒரு சிற்பி தன் காதலியை நினைத்து அழுதுகொண்டே செதுக்கியது என்றும், அதன் கால் பெருவிரலைத் தொட்டால் பரீட்சையில் பாஸாகலாம் என்றும் தினமும் இரண்டு வேளை புளுகுவான். விரல் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. அன்று அவன் கூட்டிவந்த கும்பலில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட உயரமான பிரேசில்காரி ஒருத்தி, விரலை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு படம் எடுத்தாள்.

"அழிங்க அதை," என்று நெலிடா போய் நின்றாள்.

"அக்கா, விடுங்க, ஒரு படம்தானே," என்றான் எஸெகியேல்.

"நீ குளிச்சிட்டு நிக்கும்போது ஒருத்தி வந்து படம் எடுத்தா உனக்கு எப்படிடா இருக்கும்?"

"அது படத்தைப் பொறுத்தது அக்கா."

கும்பல் சிரித்தது. நெலிடா சிரிக்கவில்லை. பிரேசில்காரி அவள் கண்முன்னாலேயே போனைத் தட்டி, படம் போய்விட்டது என்று காட்டிவிட்டு நகர்ந்தாள். அதற்கப்புறம் நெலிடா எஸெகியேலைக் கும்பலுக்கு முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். புளுகன், கூத்தாடி, செத்தவர்களை விற்றுச் சாப்பிடுகிறவன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தெருவில் திரும்பிக்கொள்வார்கள். கல்லறையில் தெருவுக்கா பஞ்சம்.

ஆகஸ்டில் லராமெந்தி வீட்டுக் கூரை ஒழுகியது. கொத்தனார் எவுலோஹியோ ஆட்களோடு வந்து, தட்டுகளில் இருந்த இரண்டு பெட்டிகளையும் வெளியே எடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, கூரையைப் பிரித்தான். சும்மா இருக்கிற நேரத்தில் ஆகட்டும் என்று நெலிடா அந்தப் பெட்டிகளின் மூடியில் இருந்த வெண்கலப் பேர்த்தகடுகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். தங்கம் மாதிரி ஆயின. நாலாம் நாள் வந்து பார்த்தபோது கூரை முடிந்து, பெட்டிகள் உள்ளே ஏறியிருந்தன. இடது தட்டு கிளெமென்தினா, வலது தட்டு ஒர்த்தென்சியா. இது ஹொராசியோவின் நோட்டிலும் இருக்கிறது, அவளுக்கும் மனப்பாடம். அதன்படியே தகடுகளைத் திருகி, லேஸைப் போர்த்தி, கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் ஆரம்பத்தில் போன் வந்தது. தாந்தீல் ஊரிலிருந்து மிலாக்ரோஸ் லராமெந்தி. ஒர்த்தென்சியாவின் பேத்தி, ஐம்பது தாண்டிய பள்ளிக்கூட டீச்சர். வருகிற வியாழக்கிழமை வண்டியோடு வருவதாகவும், பாட்டியின் பெட்டியை ஊருக்கு எடுத்துப்போகப் போவதாகவும் சொன்னாள். கல்லறை ஆபீஸில் காகிதமெல்லாம் முடித்துவிட்டாளாம்.

"தாத்தா இங்க தோட்டத்துச் சமாதியில தனியா கிடக்கிறார், நெலிடா. பாட்டி அங்க யார் பக்கத்துல கிடக்கிறா தெரியுமில்ல?"

"அவங்க ஓரகத்தி பக்கத்துல."

"ஓரகத்தின்னு சாதாரணமாச் சொல்லிட்டீங்க. கிளெமென்தினாவுக்கு முதல்ல நிச்சயம் பண்ணினது எங்க தாத்தாவைத்தான். அது முறிஞ்சு போய், அவ தாத்தாவோட அண்ணனைக் கட்டிக்கிட்டா. ஆனா அம்பது வருஷம், எந்த விருந்துன்னாலும் வந்து தாத்தா பக்கத்து நாற்காலியில உட்காருவா. பாட்டி எழுந்து போய் எதிர்ப் பக்கம் உட்காருவா. சாகும்போது பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணு, என்னை அவர் பக்கத்துல வைங்கன்னு. அந்த நேரத்துல குடும்பத்துல என்னென்னவோ தகராறு, கொண்டுபோய் அவ பக்கத்துலயே வெச்சுட்டாங்க. எங்கம்மா செய்யணும்னு நினைச்சா, முடியல. நான் செய்யறேன்."

நெலிடா நோட்டில் வியாழக்கிழமை என்று குறித்துக்கொண்டாள். "வாங்கம்மா, நான் துடைச்சுத் தயாரா வைக்கிறேன்," என்றாள்.

இது சனிக்கிழமை. திங்கள்கிழமை எவுலோஹியோ பக்கத்துத் தெருவில் ஒரு படிக்கல்லை மாற்றிக்கொண்டிருந்தான். நெலிடா மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, தற்செயலாக, "லராமெந்தி பெட்டி ஒண்ணு வியாழக்கிழமை போகுது, நாலு பேர் போதுமா, கனமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒரே கனம்தான்," என்றான் எவுலோஹியோ. "அன்னைக்கு மழை இறங்கிடுச்சு பாருங்க, எது கைக்கு முன்னால இருந்துச்சோ அதைத் தூக்கி உள்ள வெச்சோம்."

"எது கைக்கு முன்னால இருந்துச்சோ அதா?"

"நீங்கதான் வந்து தகடு போடப் போறீங்களே. உங்களுக்குத் தெரியாதா எது யாருன்னு?"

மாத்தேக் குடுவையைக் கீழே வைத்தாள். அவனைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்னது நியாயம்தானே. தட்டைப் பார்த்துத் தகடு போட்டாளே தவிர, பெட்டியைப் பார்த்துப் போடவில்லை. இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழில் செய்கிற ஒருத்தி மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். புதிதாக வந்தவளாக இருந்தால் பயத்தில் சாக்கட்டியால் ஒரு குறியாவது போட்டு வைத்திருப்பாள்.

கதவைத் திறந்து உள்ளே போனாள். லேஸ்களை உருவினாள். இரண்டு பெட்டியும் ஒரே கடையில், மூன்று வருஷ இடைவெளியில் வாங்கியவை. ஒரே மரம், ஒரே நிறம், ஒரே அளவுத் தகடு, ஒரே இடத்தில் திருகு ஓட்டை. உள்ளே ஈயம் வைத்து அடைத்த உலோகப் பெட்டி. அதைத் திறந்து பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. மண்டியிட்டு, முட்டி வலியைப் பார்க்காமல், விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு வித்தியாசம் அகப்பட்டது. கால் பக்கத்துப் பலகையில் நாலு திருகு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன வெண்கலப் பூ. இடது தட்டில் இருந்த பெட்டியில் மேல்பக்கத்துப் பூ ஒன்று இல்லை. வெறும் திருகு.

ஆகஸ்டுக்கு முன்னால் பூ இல்லாத பெட்டி எந்தப் பக்கம் இருந்தது? இடதா, வலதா? எத்தனை தடவை துடைத்திருப்பாள். நினைவு வரவில்லை. கை துடைத்ததே ஒழிய கண் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்னாலேயே லேஸைப் போர்த்தி மூடியவளும் அவளேதான்.

"அம்மாக்களே, நீங்களாவது சொல்லித் தொலைங்களேன்," என்றாள் இரண்டு பெட்டிகளையும் பார்த்து.

தகடு மாறியிருந்தால் வியாழக்கிழமை தாந்தீலுக்குப் போகப்போவது கிளெமென்தினா. உயிரோடு இருந்தபோது நாற்காலியோடு நின்றது. இனி நிரந்தரமாக அந்த மனுஷன் பக்கத்தில். ஒர்த்தென்சியா இங்கே, அந்தச் சக்களத்தியின் பேரைத் தன் மூடியில் சுமந்துகொண்டு. இன்னொரு பயமும் நெலிடாவுக்கு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்: பேர்த்தகடை மாற்றிப் போட்டவள் என்று வெளியே தெரிந்தால் நாற்பத்து மூன்று குடும்பமும் சாவியைக் கேட்டு வந்து நிற்கும். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

தேவதையின் படியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் மஞ்சள் மழைக்கோட்டு நினைவுக்கு வந்தது. ஜூலை. முதல் திங்கள். லேஸ் இல்லாத நாள். ஆகஸ்டுக்கு முன்னால் அந்தக் கால் பலகைகளை வெறுமையாகப் பார்த்த கண் ஒன்றே ஒன்றுதான், அது அந்தக் கேமராவின் கண். அதையும் அவளே அழிக்க வைத்துவிட்டாள்.

நாலு மாதக் கோபத்தை விழுங்கிக்கொண்டு, எஸெகியேல் வழக்கமாக நிற்கிற வாசல் தூணுக்குப் போனாள். அவன் குடையை நீட்டிக் கும்பல் சேர்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"அடிக்க வரலடா," என்றாள் நெலிடா. "ஒரு உதவி வேணும்."

"எங்கிட்டயா? செத்தவங்களை வித்துச் சாப்பிடறவன்கிட்டயா?"

"அதெல்லாம் அப்புறம் திட்டிக்கலாம். முதல்ல கேளு."

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. குடையை மடக்கினான்.

"அந்தம்மா பேரு ஜுஸாரா. என் போன்ல எல்லார் நம்பரும் இருக்கு. ஆனா அக்கா, உங்க கண்ணு முன்னாடிதானே அழிச்சாங்க."

"அழிச்சா."

"அப்போ என்னத்தைக் கேக்கறது?"

"கேளுடா. வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க. நான் ஒருத்தியைத்தானே பிடிச்சேன். பிடிபடாத களவாணிங்க எத்தனை பேரோ."

"சரி, அந்தப் பூ கொத்தனார் தூக்கும்போது விழுந்திருந்தா?"

"அப்போ படத்துல ரெண்டு பெட்டியிலயும் பூ முழுசா இருக்கும். என் கதை முடிஞ்சுது."

அன்றைக்கு இருந்த பதினெட்டுப் பேருக்கும் அவன் செய்தி அனுப்பினான். செவ்வாய்க்கிழமை படங்கள் வர ஆரம்பித்தன. தேவதையின் கால் பெருவிரல். தேவதையின் மூக்கு. கல்லறைப் பூனை ஒன்று, நாலு கோணத்தில். ஒரு தம்பதி முத்தம் கொடுத்துக்கொண்டே தங்களையே எடுத்த படம். அவர்கள் தலை மட்டும் இல்லாவிட்டால் பின்னால் கதவு தெரிந்திருக்கும். சிலியிலிருந்து ஒரு தாத்தா, பின்னணியில் நெலிடா கையை ஓங்கிக்கொண்டு வருகிற படத்தை அனுப்பி, தன் பிரயாணத்திலேயே இதுதான் நல்ல படம் என்று எழுதியிருந்தார். ஜுஸாராவிடமிருந்து பதிலே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எஸெகியேல் கறி வைத்துச் சுட்ட ஒரு எம்பனாடாவைப் பிட்டு அவளிடம் பாதியை நீட்டினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரியாவே இருக்கலாம். பேசாம விட்டுடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கும் தெரியாதே, அதானே பிரச்சினை."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியுமில்ல," என்றாள் நெலிடா. "ஹோட்டல்ல கறை போகாத விரிப்பை மடிச்சு, கறையை உள்பக்கம் வெச்சு அடுக்கிடுவாங்க. நான் ஒரு நாளும் அப்படி அடுக்கினதில்ல. நாளைக்கு அந்தம்மா வந்ததும் சொல்லிடப் போறேன்."

"சாவியெல்லாம் போயிடும்."

"போகட்டும்," என்றாள். கையில் இருந்த பாதி எம்பனாடாவைக் கடிக்காமலே பூனைக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மிலாக்ரோஸ் வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கையில் தோட்டத்து ரோஜாக் கொத்து, பின்னால் தூக்குகிற ஆட்கள் நாலு பேர். முகத்தில் கல்யாணத்துக்கு வந்தவளின் களை. நெலிடாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நெலிடா கதவுக்குக் குறுக்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பெட்டியைப் பார்த்துப் போட்டிருக்கணும், தட்டைப் பார்த்துப் போட்டுட்டேன். தப்பு என்மேலதான்," என்றாள்.

மிலாக்ரோஸ் குரல் உயர்த்தாமலே, வகுப்பில் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"அப்போ இதுல எது எங்க பாட்டி?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"தெரியல. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"எங்கம்மா பதினெட்டு வருஷம் இதுக்காகக் காகிதம் எழுதினா. நான் ஆறு வருஷம். முந்நூத்தம்பது கிலோமீட்டர் வண்டி பிடிச்சு வந்து நிக்கிறேன். நீங்க தெரியலங்கிறீங்க." ரோஜாக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடமும் வலமும் பார்த்தாள். கடைசியில் தேவதையின் மடியில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தூக்க வந்த ஆட்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

நெலிடா இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து லராமெந்தி சாவியைக் கழற்ற ஆரம்பித்தாள். வளையம் இறுகியிருந்தது. நகம் பிளந்தது.

அப்போது தெருக்கோடியில் எஸெகியேல் ஓடிவந்தான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் விரித்த குடை. கைடு ஓடினால் பின்னால் ஓட வேண்டும் என்று நினைத்து அவனுடைய இருபது டூரிஸ்டுகளும் ஓடிவந்தார்கள்.

"அக்கா, வந்துடுச்சு. ஜுஸாரா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஆத்துப் பக்கம் வேலையா போயிருந்தாங்களாம், சிக்னல் இல்லையாம். படிக்கிறேன் கேளுங்க. 'அந்தத் துடைப்பக்கார அம்மாகிட்ட தயவு செஞ்சு சொல்லிடாதீங்க. அவங்க போனதும் குப்பைத்தொட்டியில இருந்து படத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டேன். ரொம்ப அழகா இருந்துச்சு, மனசு வரல.'"

நெலிடா போனைப் பிடுங்கினாள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. "பெருசு பண்ணுடா," என்றாள். அவன் விரலால் விரித்தான். ஜூலை மாதத்து ஈர வெளிச்சம். பீடம். இடது பக்கம் ஒரு கால் பலகை. பூ நாலும் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அவள் வாய்விட்டு எண்ணினாள். வலது பக்கம் மூன்று பூவும் ஒரு வெறும் திருகும்.

"வலது," என்றாள். "பூ இல்லாதது வலது. வலதுன்னா ஒர்த்தென்சியா." உள்ளே கையைக் காட்டினாள். "இப்போ பூ இல்லாதது இடது தட்டுல இருக்கு. அம்மா, எழுந்திரிங்க. உங்க பாட்டி இதோ, இடது பக்கம் இருக்காங்க. தகடு மாறித்தான் போயிருக்கு. நான் வாயை மூடிட்டு இருந்தா இன்னைக்கு நீங்க கிளெமென்தினாவைத்தான் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

மிலாக்ரோஸ் போனை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய் மண்டியிட்டு அந்த வெறும் திருகைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நெலிடா பதறிக் கிட்டே போனாள். மிலாக்ரோஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"கிளெமென்தினா கிழவியைப் பாருங்களேன்," என்றாள். "செத்து அம்பது வருஷம் ஆகுது, இன்னும் நாற்காலியை விடல. வண்டி வரைக்கும் வந்துட்டாளே."

அந்தச் சிரிப்பு எஸெகியேலுக்குத் தொற்றியது, அப்புறம் தூக்க வந்த ஆட்களுக்கு. நெலிடாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிய இடம் லேசாக வலித்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள், அது வெளியே கடைசி டூரிஸ்டுக்குக் கேட்டிருக்கும்.

திருப்புளியை எடுத்துத் தகடுகளைக் கழற்றினாள். இந்தத் தடவை எல்லார் கண்ணெதிரேயும், பெட்டியைப் பார்த்து, பேரைச் சத்தமாகப் படித்துத் திருகினாள். மிலாக்ரோஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் நெலிடா சாவியை அவளிடம் நீட்டினாள். வளையத்திலிருந்து பாதி கழன்று தொங்கிய சாவி.

"இது எதுக்கு எங்கிட்ட?" என்றாள் மிலாக்ரோஸ்.

"இனிமே யாரை நம்பி..."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னீங்க. வேற யார்கிட்ட குடுக்கச் சொல்றீங்க?" சாவியைத் திரும்ப வளையத்துக்குள் தள்ளிவிட்டாள். "கிளெமென்தினா தனியா இருப்பா. அவளுக்கும் ஒழுங்கா உடுத்தி விடுங்க. என்ன இருந்தாலும் எங்க வீட்டு மனுஷி."

ஒர்த்தென்சியாவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோது டூரிஸ்டுகள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். எஸெகியேல் குடையை மடக்கிக்கொண்டு தலை குனிந்தான். வழக்கமான புளுகு ஒன்றும் சொல்லவில்லை. மிலாக்ரோஸ் ரோஜாக்களைத் தேவதையின் மடியிலிருந்து எடுத்து, ஒன்றை மட்டும் வலது தட்டில் கிளெமென்தினாவின் பெட்டி மேல் வைத்துவிட்டு, மீதியோடு பாட்டியின் பின்னால் நடந்தாள். வண்டிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நெலிடா வாசலில் நின்றாள்.

"போயிட்டு வாங்கம்மா," என்றாள். "அவரு ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருக்காரு."

டிசம்பர் முதல் திங்களன்று நெலிடா வழக்கம்போல லேஸை உருவிப் பையில் வைத்தாள். வலது தட்டில் கிளெமென்தினா வெறும் மரமாக, நாலு பூவோடு இருந்தாள். இடது தட்டு காலி. கதவைப் பூட்டித் திரும்பினால், முதுகுப்பை மாட்டிய ஒரு வெளிநாட்டுப் பெண் கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள். நெலிடா கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் கேமராவைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நெலிடா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஏப்ரன் நுனியில் வினிகரைத் தொட்டு, கண்ணாடியில் இருந்த மூக்கு எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாள். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, வெயில் எதிரே அடிக்காத இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"இங்கிருந்து எடும்மா, நல்லா விழும்," என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவள் பாஷை புரியவில்லை. அதனால் நெலிடா விரலை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, மறுபடியும் சொன்னாள்.

"எடுத்துக்கோ. ஆனா யார் சொன்னாலும் அழிச்சிடாத."